‘நிறுத்து’ என்று சொல்லும் உரிமை: நீலகிரிப் பள்ளிகளில் நாடகம் குறித்த அனுபவப் பகிர்வு

பந்தலூர்ப் பகுதியில் அரங்கப் பயிற்சி நடத்துபவர் எழுதியது:

பள்ளிக்கூடத்தில் நாடகம் என்றதும் ஆண்டுவிழாவும், அட்டையில் வெட்டிய கிரீடமும், மனப்பாடம் செய்த வசனமுமே பலருக்கும் நினைவில் எழுகின்றன. நான் சொல்லவருவது வேறு: கைதட்டு வாங்குவதற்காக அல்லாமல், நடிப்பவரும் பார்ப்பவரும் சேர்ந்து ஒரு சிக்கலைப் புரட்டிப் பார்ப்பதற்காகச் செய்யப்படும் பயன்பாட்டு அரங்கு. தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய ஓர் அரசுப் பள்ளியில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு, எட்டு வெள்ளிக்கிழமை மாலைகள் இதைச் செய்தோம்.

முதல் மூன்று வாரம் வசனமே கிடையாது. மழைநாளில் பள்ளிக்கு வருவதை, வாய் திறக்காமல், சிலையாக நின்று காட்டுமாறு கேட்டேன். குடை பிடிப்பவர்களும் வழுக்கி விழுபவர்களும் வருவார்கள் என்று எண்ணியிருந்தேன். வந்ததோ, ஐந்து பேர் ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு மூச்சடக்கி நிற்க, முன்னால் நிற்கும் பெண் பின்புறமாகக் கையை நீட்டி அவர்களைத் தடுக்கும் சிலை. வளைவுக்கு அப்பால் யானை நிற்கிறது என்பதை அந்த வகுப்பில் எவருக்கும் விளக்கவேண்டியிருக்கவில்லை; சமவெளியிலிருந்து வந்த எனக்குத்தான் விளக்கினார்கள்.

அந்தச் சிலையிலிருந்தே பத்து நிமிட நாடகம் ஒன்று உருவானது. தாய் கொழுந்து பறிக்கப் போகிறாள். தந்தை யானை நடமாட்டத்தைக் காரணம் காட்டி, “எட்டாவது வரை படித்தது போதும், தம்பியைப் பார்த்துக்கொள்” என்று மகளை நிறுத்திவிடுகிறார். நாடகம் தோல்வியில் முடியும். பிறகு முதலிலிருந்து மீண்டும் தொடங்கும். இம்முறை பார்ப்பவர் யாராயினும் ‘நிறுத்து’ என்று குரல் கொடுத்து, அந்தப் பெண்ணின் இடத்தில் தாமே நின்று வேறொரு வழியை முயன்று பார்க்கலாம். இது பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்தோ போவால் வகுத்த விவாத அரங்கு முறை. இதில் பார்வையாளருக்கும் மேடைக்கும் இடையே நிற்பவரை அவர் ‘ஜோக்கர்’ என்றார். நம் தெருக்கூத்தின் கட்டியங்காரனை அறிந்தவர்களுக்கு இந்த ஆள் அந்நியனாகத் தோன்றமாட்டான். ஆனால் கட்டியங்காரன் பதிலும் சொல்வான், ஜோக்கருக்குக் கேள்வி கேட்க மட்டுமே உரிமை.

முதலில் எழுந்த மாணவன் விதியை மீறித் தந்தையின் இடத்தில் போய் நின்று, “போம்மா, நன்றாகப் படி” என்றான். அனைவரும் கைதட்டினார்கள். “உங்கள் வீட்டில் இது நடக்குமா?” என்று நான் கேட்டதும் கைதட்டல் அடங்கியது. ஒடுக்குபவரை ஒரே நொடியில் நல்லவராக்கினால் கற்பதற்கு எதுவும் மிஞ்சாது என்பதால்தான், ஒடுக்கப்படுபவரின் இடத்தை மட்டுமே மாற்றலாம் என்று போவால் விதித்தார். இரண்டாமவன் அந்தப் பெண்ணாக நின்று கல்வி உரிமைச் சட்டத்தைப் பேசினான். தந்தையாக நடித்தவன் சற்றும் அசராமல், “சட்டம் வந்து யானையை விரட்டுமா?” என்றான். 2009ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது, எட்டாம் வகுப்போடு அதன் கை தளர்ந்துவிடுகிறது என்பது அன்றைய வாக்குவாதத்தில்தான் வகுப்புக்குத் தெரியவந்தது. குடிமையியல் பாடத்தில் அதை நடத்தியிருந்தால் எத்தனை பேர் நினைவில் வைத்திருப்பார்கள் என்று எனக்கு ஐயம்தான்.

மூன்றாவதாக எழுந்தவள், எட்டு வாரத்தில் என்னிடம் ஒரு சொல்லும் பேசாத பெண். அவள் தந்தையிடம் வாதிடவே இல்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பின் வரிசையில் பக்கத்து லைன் வீட்டுப் பாட்டியாக ஒருத்தியை உட்காரவைத்து, அருகே குந்தி, கீரை ஆய்வதுபோல் விரல்களை அசைத்துக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். பாட்டி எழுந்து வந்து கூப்பிட்டதும் தந்தையாக நடித்தவன் தன்னையறியாமல் எழுந்து நின்றான். அந்த வீட்டில் யார் சொல்லுக்கு எடை உண்டு என்பதை எங்களில் எவரும் அதுவரை யோசிக்கவில்லை.

அவள் இப்போதும் வகுப்பில் அதிகம் பேசுவதில்லை. நாடகம் வாழ்க்கையைப் புரட்டிப்போட்டது என்று கதை விட எனக்கு விருப்பமில்லை. யானை மறித்ததால் தாமதமாக வரும் நாள்களில் வருகைப் பதிவில் சலுகை தரமுடியுமா என்று மறுவாரம் நான்கு பெண்கள் சேர்ந்துபோய் வகுப்பாசிரியரைக் கேட்டார்கள். நான் கண்ணால் கண்ட பலன் அவ்வளவே.

கூடலூர் அருகே தொடக்கப் பள்ளி ஆசிரியை எழுதியது:

என் வகுப்பில் காட்டுநாயக்கர், பணியர் ஆகிய பழங்குடிகளின் குழந்தைகள் மிகுதி. வீட்டில் அவர்கள் பேசும் மொழி பாடநூலின் தமிழ் அன்று. ஆசிரியை கேட்கும் கேள்விக்கு விடை ஆசிரியைக்கே தெரியும் என்பதை அறிந்துகொண்டு அவர்கள் வாய் மூடி இருப்பதில் தவறேதும் இல்லை. ஆகவே ஒருநாள் சால்வையை மாற்றிப் போர்த்திக்கொண்டு, தேனைப் பற்றி எதுவுமறியாத வியாபாரியாக வகுப்பறைக்குள் நுழைந்தேன். பிரிட்டனின் டோரத்தி ஹீத்கோட், பிள்ளைகளை வல்லுநர்களாக்கித் தாம் அறியாதவராக நிற்கும் இத்தகைய முறையை வளர்த்தெடுத்தவர். கொம்புத்தேன் எது, பொந்துத்தேன் எது, கொசுத்தேன் ஏன் குறைவாகக் கிடைக்கிறது என்று குழந்தைகள் எனக்குப் பாடம் எடுத்தார்கள். தெரியாத தமிழ்ச் சொல்லுக்குத் தம் மொழிச் சொல்லையே தந்தார்கள், நான் அதைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டேன். “ஒரு லிட்டர் தேனுக்கு ஒரு கிலோவின் விலை தருகிறேன்” என்றபோது, ஏமாற்றுகிறேன் என்று ஒரு சிறுவன் கத்தினான். தராசைக் கொண்டுவந்து நிறுத்துப் பார்த்தோம். ஒரு லிட்டர் தேன் ஏறக்குறைய 1.4 கிலோ இருந்தது. தசமப் புள்ளியைக் கண்டு அஞ்சிய பிள்ளைகள், அன்று அந்தப் புள்ளிக்காக என்னோடு சண்டையிட்டார்கள்.

கோத்தகிரியில் மாணவர் ஆற்றுப்படுத்துநராக (மனநல ஆலோசகராக) பணிபுரிபவர் எழுதியது:

மேலே எழுதிய இருவரின் மகிழ்ச்சியிலும் பங்குகொண்டே என் தவறு ஒன்றைப் பதிகிறேன். பணியில் சேர்ந்த புதிதில், குடிப்பழக்கம் பற்றிய நாடகத்தில் தந்தை வேடத்துக்கு ஒரு மாணவனைத் தேர்ந்தெடுத்தேன். அவன் வீட்டு நிலை எனக்குத் தெரியாது. கையை ஓங்கும் கட்டத்தில் ஓங்கிய கை அப்படியே நிற்க, அவன் உறைந்துபோனான். நானோ அதைச் சிறந்த நடிப்பு என்று நினைத்துப் பாராட்டினேன். அவன் இரண்டு வாரம் பள்ளிக்கு வரவில்லை.

அதன்பின் எந்தக் குழந்தையின் சொந்தக் கதையையும் நான் மேடையேற்றுவதில்லை. வேறோர் ஊர், வேறோர் பெயர், முடிந்தால் ஒரு விலங்குக் கதை என்று விலக்கி வைத்தே தொடங்குகிறேன். நாடகத்தில் பங்கேற்கும் உரிமையும் பங்கேற்காமல் விலகி நிற்கும் உரிமையும் குழந்தைக்குச் சமமாக உண்டு. முடிந்ததும் ஒவ்வொருவரும் வேடத்தின் பெயரைச் சொல்லி, தோளைத் தட்டி அதை உதறி, தம் சொந்தப் பெயரைச் சொன்ன பிறகே வகுப்பைக் கலைக்கிறேன். நாடகத்துக்குப் பின் ஒரு குழந்தை தனியே வந்து எதையேனும் சொல்லத் தொடங்கினால், “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று தயவுசெய்து வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பாலியல் வன்முறை என்று தெரியவந்தால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைப் புகாரளிப்பது நம் கடமை. 1098 என்ற குழந்தைகள் உதவித் தொலைபேசி எண்ணையும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். நாடகம் நடத்துபவர் மருத்துவர் அல்லர்.

சேரம்பாடிப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி எழுதியது:

1964ஆம் ஆண்டு இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம் எங்களுடையது. ஆற்றுப்படுத்துநர் அம்மா சொன்ன அந்த விலக்கத்தைப் படித்தபோது எனக்குக் காமன் கூத்து நினைவுக்கு வந்தது. மாசி மாதத்தில் தப்பு முழங்க, ஈசன் காமனை எரித்தபின் ரதி அழும் இடத்தில், லயத்து (தோட்டக் குடியிருப்பு வரிசை) பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்து அழுவார்கள். என் தாய் என் தங்கையை இழந்த ஆண்டில் அங்கேதான் வாய்விட்டு அழுதார். வீட்டில் அழுததை நான் கண்டதில்லை. ஏன் அழுகிறாய் என்று எவரும் கேட்கவில்லை, ஏனென்றால் எல்லோரும் ரதிக்காகத்தான் அழுதுகொண்டிருந்தார்கள். போவால் என்பவரைப் பற்றி எனக்குத் தெரியாது. இக்கூத்து ஆடத் தெரிந்த கிழவர்கள் இன்னும் சிலர் இங்கே இருக்கிறோம் என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

பந்தலூர்ப் பயிற்றுநரின் மறுமொழி:

ஐயா, உங்கள் பதிவைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். அவர்களில் மூவருடைய பாட்டனாரும் அதே வழியில் வந்தவர்கள் என்பது அதன்பின்தான் எனக்குத் தெரிந்தது. வரும் வெள்ளிக்கிழமை நீங்களும் உங்கள் தோழர்களும் பள்ளிக்கு வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சாரலில் தப்பின் தோல் தொய்ந்துவிடும் என்று பிள்ளைகளே எச்சரித்ததால், காய்ச்சுவதற்கு மைதானத்தின் ஓரத்தில் நெருப்பு மூட்டத் தலைமையாசிரியரிடம் அனுமதி பெற்றிருக்கிறேன். விறகை நனையாமல் கொண்டுவரும் பொறுப்பை அந்தப் பேசாத பெண் ஏற்றிருக்கிறாள்.