தொழிலாளர் அருங்காட்சியகத்துக்குக் கம்பனிக் காசு வாங்கலாமா?

மலைச்சாரல்:
இலங்கையில் கம்பளைக்குப் பக்கத்தில், தொழிலாளர் குடியிருந்த பழைய லயன் வரிசை ஒன்றில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் 2007 முதல் இருக்கிறது. சமூக அபிவிருத்தி நிறுவகம் என்ற தொண்டு நிறுவனம் அமைத்தது. அரசாங்கத்துடையதும் இல்லை, கம்பனியுடையதும் இல்லை. 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு எங்கள் முன்னோர் இங்கே வேலைக்கு வந்து 200 வருஷமானதை நினைத்து மலையகம் 200 நடைபயணம் போன பிறகு, இப்படிப்பட்ட இடங்கள் இன்னும் நாலைந்து வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறோம். காசு யார் தருவது என்ற பேச்சு வந்தால் மட்டும் அமைதியாகிவிடுகிறோம்.

என் கருத்தை நேரடியாகவே சொல்கிறேன். தேயிலைக் கம்பனிகளிடம் அனுசரணை கேட்க வேண்டும். மலைநாட்டு ஈரத்தில் காகிதம் பூசணம் பிடிக்கும், தகரக் கூரை ஒழுகும். காவலுக்கு இருப்பவருக்கு மாதச் சம்பளம் வேண்டும். வெளிநாட்டுத் திட்டக் காசு வந்தால் திறப்பு விழா நடக்கும், திட்டம் முடிந்ததும் கூரையை யாரும் பார்ப்பதில்லை. நூற்றைம்பது வருஷம் எங்கள் உழைப்பில் வளர்ந்த தொழில் இது. அதனிடம் கேட்பதில் என்ன வெட்கம்?

கோத்தகிரி செல்வி:
கேட்பதில் வெட்கமில்லை அண்ணா. வாங்கிய பிறகு என்ன நடக்கும் என்பதுதான் என் பயம்.

கேரளத்து மூணாறில் நல்லதண்ணி எஸ்டேட்டில் தேயிலை மியூசியம் இருக்கிறது. 2005-இல் டாடா டீ அமைத்தது. 1905-ஆம் வருஷத்துத் தேயிலை உருட்டும் இயந்திரம், அங்கே முன்பு ஓடிய குண்டளை ரயிலின் சக்கரம், நம் நாசரேத் தொழிற்பள்ளியில் 1913-இல் செய்த கல் சூரியக் கடிகாரம் எல்லாம் பார்க்கலாம். அருமையான பொருட்கள், நான் குறை சொல்லவில்லை. அதே மூணாறில் 2015 செப்டம்பரில் கொழுந்து பறிக்கும் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், சங்கத் தலைவர்களையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு 20 சதவீத போனஸ் கேட்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை, பெண்கள் ஒற்றுமை என்று அதற்குப் பேர். அந்தப் போராட்டத்துக்கு ஒரு அறை கட்டக் கம்பனி பணம் கொடுக்குமா?

லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை பெரிய இடம். 2021-இல் பருவநிலை பற்றிய கண்காட்சிக்கு ஷெல் எண்ணெய்க் கம்பனியிடம் பணம் வாங்கினார்கள். ஷெல்லின் நற்பெயர் கெடும்படி எதுவும் சொல்லக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது பிறகு வெளியே வந்தது. அவர்களுக்கே அந்த நிலைமை. ஒழுகும் கூரையோடு போய் நிற்கும் நம்மிடம் எத்தனை வரி எழுதுவார்கள்?

ஹந்தானை மைந்தன்:
கண்டி ஹந்தானையில் 1925-இல் கட்டிய தேயிலை ஸ்டோர், அதாவது தொழிற்சாலை, பாழடைந்து கிடந்தது. தேயிலைச் சபையும் தோட்டத் துரைமார் சங்கமும் சேர்ந்துதான் அதைப் புதுப்பித்து 2001-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். அவர்கள் கை வைக்காமல் இருந்தால் அந்த இயந்திரங்கள் பழைய இரும்புக்குப் போயிருக்கும். இது பெரிய காரியமில்லையா?

செல்வி சுத்தமான காசு தேடுகிறார். அரசாங்கக் காசு சுத்தமா? 1948-இல் எங்கள் பிரஜாவுரிமையைப் பறித்தது யார்? 1972-க்கும் 1975-க்கும் இடையில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, 1992-இல்தான் கம்பனிகளிடம் நிர்வாகத்தைக் கொடுத்தது. இடையில் அரசாங்கமேதான் எங்களுக்குத் துரை. நிலம் இன்றைக்கும் பெரும்பாலும் அதனுடையது. அந்தக் கணக்குப்படி பார்த்தால் யாரிடமும் வாங்க முடியாது.

தனியாக நின்று காட்டுகிறோம் என்பதும் லேசு இல்லை. இங்கிலாந்தில் அயர்ன்பிரிட்ஜ் அருங்காட்சியக அறக்கட்டளை 1967 முதல் சுயாதீனமாக நடந்தது, உலக மரபுச் சின்னம் இருக்கும் இடம். 2025-இல் அரசாங்கம் 90 லட்சம் பவுண்ட் கொடுத்து, நேஷனல் டிரஸ்ட் என்ற மரபுப் பாதுகாப்பு அமைப்பு பொறுப்பேற்பதாக முடிவானது. அத்தனை சுற்றுலாப் பயணிகள் வரும் இடத்துக்கே இந்தக் கதி.

பசறை டீச்சர்:
மூன்று பேரும் காசைப் பற்றியே பேசுகிறீர்கள். கம்பனியிடம் காசை விடப் பெறுமதியான ஒன்று இருக்கிறது, செக்ரோல். தொழிலாளரின் வேலை நாளையும் சம்பளத்தையும் எழுதும் தோட்டப் பதிவேடு.

பழைய செக்ரோல் பக்கம் ஒன்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இடது பக்கம் பேர்கள், வரிசையாக. அப்புறம் நாளுக்கொரு கட்டம். கொழுந்து நிறை குறைந்த நாளில் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், என்று போட்டிருக்கும். கடைசியில் பிடித்த அரிசிக் காசு, முற்பணம், கையில் கொடுத்தது. ஒரு பெண்ணின் மாதம் முழுக்க ஒரே வரியில் இருக்கும். எந்த இயந்திரமும் இதைச் சொல்லாது. பிறப்புப் பதிவு இல்லாத எத்தனையோ பேருக்கு அந்தப் பேர் ஒன்றுதான் எழுத்தில் இருக்கிறது. தோட்டக் கந்தோர் (அலுவலக) அலுமாரியில் மிஞ்சியிருப்பதைக் கரையான் தின்பதற்குள் நகல் எடுக்க விடச் சொல்லுங்கள். அனுசரணை என்றால் அதுதான் எனக்கு முதல் அனுசரணை.

மலைச்சாரல்:
டீச்சர் சொல்வது சரி, இதை முதல் கோரிக்கையாக வைக்கலாம். ஆனால் நகல் எடுக்கவும் ஸ்கேனர் வேண்டும், ஆள் வேண்டும், பிறகு அதை ஈரமில்லாமல் வைக்க அறை வேண்டும். மறுபடியும் காசு.

செல்வியின் பயத்துக்கு வழி இருக்கிறது. கம்பனி கூரைக்கும் மின்சாரத்துக்கும் கொடுக்கட்டும், கண்காட்சிக்கு ஒரு சதமும் வேண்டாம். பேர் வாசல் பலகையில் மட்டும். ஒப்பந்தத்தை முழுதாக வெளியிட வேண்டும். ஒரே கம்பனியின் காசு மொத்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. நிர்வாகக் குழுவில் அவர்களுக்கு நாற்காலி கிடையாது.

கோத்தகிரி செல்வி:
காகிதத்தில் நல்லாத்தான் இருக்கு அண்ணா. கூரைக்குக் கொடுத்தவர் அடுத்த வருஷம் நிறுத்திவிட்டால்? நேரடியாக ஒன்றும் சொல்ல மாட்டார்கள். 1940-இல் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் இறந்தாரே, அந்தப் பலகையைக் கொஞ்சம் சின்னதாக வைப்போமா என்று நம் ஆட்களே பேச ஆரம்பிப்பார்கள். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கு வருஷக்கணக்கில் நடந்த போராட்டத்தை எழுதும்போது கை நடுங்கும். ஐந்தில் ஒரு பங்கு போதும், அதற்கு.

நம் ஜனங்களுக்குச் சந்தா கட்டுவது புதிதில்லை. சங்கத்துக்கு மாதாமாதம் சம்பளத்தில் பிடித்து வந்திருக்கிறார்கள். அருங்காட்சியகத்துக்கும் ஒரு சின்னச் சந்தா வைக்கலாம். கோத்தகிரி, கூடலூர், கொழும்பு, டொராண்டோ என்று போனவர்கள் கூடுதலாகக் கட்டட்டும். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் பிள்ளைகள் இங்கே தமிழ்நாட்டில் எத்தனை பேர் இருக்கிறோம், எங்களிடம் இதுவரை யாரும் கேட்கவே இல்லை.

ஹந்தானை மைந்தன்:
கொழுந்து பறிக்கிறவரிடம் காசு வாங்கி அவர் கதையை வைப்பதா? கம்பனிக்கு மட்டும் செலவில்லையா? இதை என்னால் ஏற்க முடியாது. வெளியில் இருப்பவர்கள் கட்டட்டும், தோட்டத்தில் இருப்பவர்களிடம் கேட்காதீர்கள்.

பசறை டீச்சர்:
அதில் நான் தம்பி பக்கம். தோட்டத்து ஆட்களுக்கு நுழைவுச் சீட்டும் இலவசமாக இருக்க வேண்டும்.

காசு விவாதம் நடக்கட்டும், நல்லதுதான். அதுவரை யாருடைய தோட்டத்தில் பழைய செக்ரோல், துண்டுச் சீட்டுப் புத்தகம், பிள்ளைக்காம்பரா (குழந்தைகள் காப்பகம்) பதிவு மிஞ்சியிருக்கிறது என்று தெரிந்தவர்கள் தோட்டத்தின் பேரையும் டிவிஷனையும் இங்கே போடுங்கள். கந்தோரில் இப்போது வேலை செய்பவர்களின் பேரைப் போட வேண்டாம். பட்டியல் சேர்ந்ததும் எல்லாக் கம்பனிகளுக்கும் ஒரே கடிதமாக எழுதலாம், எழுதும் பொறுப்பு என்னுடையது.