கேட் கேமரா வெளியிலிருந்து தெரியவில்லை

சாட்ஸ்வர்த்வாசி: டர்பனில் அம்மா வீட்டு கேட்டில் கேமரா மாட்டி, ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில் ஃப்ளாஸ்க் என்ற பைத்தான் கருவி கொண்டு, படத்தைக் காட்ட சின்னதாக ஒரு வலைப்பக்கம் எழுதினேன். வீட்டு வைஃபையில் ஜோராக வருகிறது. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரவுட்டரில் 5000 என்ற எண்ணுள்ள போர்ட்டும் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்தாயிற்று. அம்மா வேறு, "கேட்டில்தான் நிற்கிறேன், தெரிகிறேனா?" என்று போன் மேல் போன்.

குறிமுறையாளன்: ஃப்ளாஸ்க் 127.0.0.1-இல், அதாவது அந்தக் கணினிக்குள் மட்டும் தெரியும்படி ஓடுகிறதோ? மற்றக் கருவிகளுக்கும் தெரிய 0.0.0.0 என்று மாற்றுங்கள்.

சாட்ஸ்வர்த்வாசி: வீட்டில் அம்மா போனிலும் வருகிறதே, அதனால் அது இல்லை.

பினாங்குக்காரர்: ரவுட்டரின் வான் (WAN) முகவரி, அதாவது இணையப் பக்கத்து முகவரி என்ன?

சாட்ஸ்வர்த்வாசி: 100.72 என்று தொடங்குகிறது.

பினாங்குக்காரர்: பிடிபட்டது, சிஜிநாட் (CGNAT): இணையக் கம்பெனி பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கும் முறை. இதற்காகவே 100.64 முதல் 100.127 வரை 2012-இல் ஒதுக்கினார்கள். நீங்கள் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் கம்பெனிப் பக்கம் மூடியே இருக்கும். ராஸ்பெரி பையிலும் போனிலும் டெயில்ஸ்கேல் போடுங்கள்; இரண்டையும் ஒரு தனி வலையில் இணைக்கும் செயலி அது. இணைப்பு உள்ளிருந்து கிளம்புவதால் சிஜிநாட் தடுக்காது. கடவுச்சொல் இல்லாத கேமராவை இணையத்தில் திறந்துவிடுவது எனக்கு எப்போதுமே பிடிக்காது.

சாட்ஸ்வர்த்வாசி: சரி அண்ணே, வந்துவிட்டது! அப்புறம், லோட் ஷெடிங் (முறை வைத்து வரும் மின்வெட்டு) வந்தால்? யுபிஎஸ் ரவுட்டருக்கு மட்டும்தான் இருக்கிறது.

பினாங்குக்காரர்: ஃபைபர் பெட்டி, ராஸ்பெரி பை, கேமரா எல்லாவற்றையும் அதிலேயே மாட்டுங்கள். ஒன்று அணைந்தாலும் படம் வராது.