வொண்டர்லா பக்கம் குடும்பத்தோடு தங்கியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மஞ்சக்குப்பம் அம்மா:

பெங்களூர் பக்கம் பிடதியில் இருக்கும் வொண்டர்லா பொழுதுபோக்குப் பார்க் பற்றி எல்லாருக்கும் தெரியும், ரைடு, டிக்கெட் எதையும் நான் சொல்லப்போவதில்லை. ரூம் ஒன்றுதான் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. போன மே மாதம் நாங்கள் ஆறு பேர் போனோம். நான், வீட்டுக்காரர், மூன்று பிள்ளைகள், அத்தை. ஆப்பில் 'பார்க்கிலிருந்து 4 கி.மீ., ஃபேமிலி ரூம், 1,400 ரூபாய்' என்று இருந்தது. படத்தில் கட்டில் விரிப்பெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்ததால் உடனே பணம் கட்டிவிட்டேன். எத்தனையாவது மாடி என்று கேட்கத் தோன்றவில்லை.

காலையில் பெட்டியை ரிசப்ஷனில் போட்டுவிட்டு நேராகப் பார்க்குக்குப் போய்விட்டோம். ராத்திரி எட்டரைக்குத் திரும்பினோம். சின்னவன் என் தோளில் தூங்கிவிட்டான். ரிசப்ஷனில் இருந்தவர் சாவியை நீட்டி 'மூணாவது மாடி' என்றார். லிஃப்ட் இல்லை. அத்தைக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். இரண்டாவது மாடி ஏறித் திரும்பும் இடத்தில் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். மடியில் எங்கள் ஈர நீச்சல் உடைப் பை. அதிலிருந்து தண்ணீர் சொட்டி அவர் புடவைக் கொசுவம் நனைந்து, ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. "நீ புள்ளைங்கள கூட்டிக்கிட்டு மேல போம்மா, நான் மெதுவா வரேன்" என்றார். அன்று முழுக்க எந்த ரைடும் ஏறாமல் பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் செருப்புக்கும் பைக்கும் காவல் இருந்தவர் அவர். நான் பிள்ளையைக் கிடத்திவிட்டுத் திரும்பி வரும்வரை அந்தப் படியிலேயே இருந்தார்.

கீழே ஒரு ரூம் கேட்டேன். இருந்தது, ஆனால் மாற்றினால் 900 ரூபாய் அதிகம் என்றார்கள். வீட்டுக்காரர் "ஒரு ராத்திரிதானே" என்றார். நானும் சரி என்றேன். அந்த 'சரி'தான் உறுத்துகிறது.

முத்தியால்பேட்டை:

அக்கா, எங்களுக்கு ராத்திரி பிரச்சினை இல்லை, காலையில்தான். புதுச்சேரியிலிருந்து நைட் பஸ், பெங்களூரில் இறங்கி மெட்ரோ பிடித்துக் கெங்கேரி வந்தபோது மணி ஆறரை. (பர்ப்பிள் லைன் 2023-இல் செல்லகட்டா வரை வந்துவிட்டது. கெங்கேரியில் தங்கினால் மைசூர் ரோடு பஸ் வாசலிலேயே கிடைக்கும் என்றுதான் அங்கே எடுத்தேன், அது சரியான முடிவுதான்.) ஆனால் லாட்ஜில் செக்-இன் பகல் 12 மணிக்கு. இப்போதே வேண்டும் என்றால் அரை நாள் வாடகை தனி. பார்க் திறப்பது பதினொன்றுக்கு. 12 மணிக்கு ரூம் கிடைத்து யாருக்கு என்ன?

பல் விளக்கக் குழாய் இருந்தது, பாத்ரூம் கேட்டால் 'கெஸ்டுக்கு மட்டும்'. பணம் கட்டிய நாங்கள் கெஸ்ட் இல்லையாம். என் மகளுக்கு 13 வயது. அன்று அவளுக்கு உடம்பு சரியில்லாத நாள். வெளியே சொல்லவும் தெரியாமல் அவள் அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். அதன் வாட்ச்மேன் தருமபுரிக்காரர், நாங்கள் பேசியது காதில் விழுந்து, தானே வந்து மணமகள் அறையைத் திறந்துவிட்டார். வாளியில் வெந்நீர்கூடக் கொண்டுவந்து வைத்தார். காசு கொடுத்தேன், வாங்கவே இல்லை. 1,600 ரூபாய் வாங்கிய இடத்தில் கிடைக்காதது அங்கே கிடைத்தது.

24 மணி நேர செக்-இன் இருக்கிறதா என்று போனிலேயே கேளுங்கள். எத்தனை மணிக்கு ஏறினோமோ மறுநாள் அதே மணிக்குக் காலி செய்தால் போதும். அப்படிக் கொடுக்கும் லாட்ஜ் நிறையவே இருக்கின்றன.

நெல்லிக்குப்பம்:

இன்னும் ஏன் பெங்களூர் போகிறீர்கள்? 2025 டிசம்பரில் சென்னைக்குத் தெற்கே திருப்போரூர் பக்கம் இள்ளலூரிலேயே வொண்டர்லா திறந்துவிட்டார்களே. கடலூரிலிருந்து விடியற்காலை கிளம்பினால் கேட் திறக்கும் முன்பே போய் நிற்கலாம். ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு. ரூமே தேவையில்லை. நாங்கள் இரண்டு தடவை போய்வந்துவிட்டோம். ரூம் காசில் இன்னொரு ஆளுக்கு டிக்கெட் எடுக்கலாம்.

அரியாங்குப்பம்:

அண்ணா, தயவுசெய்து இதை எல்லாருக்கும் சொல்லாதீர்கள். நாங்களும் இப்படித்தான் கணக்குப் போட்டோம். எங்கள் வீட்டுக்காரரே வண்டி ஓட்டுகிறார், காலை நான்கு மணிக்கு எழுந்தவர், பகல் முழுக்க வெயிலிலும் தண்ணீரிலும் இருந்தவர். பார்க் மூடியதும் கிளம்பி ஈ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வந்துகொண்டிருந்தோம். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள், நானும் கண்ணயர்ந்துவிட்டேன். மரக்காணம் உப்பளம் தாண்டும் இடத்தில் கடகடவென்று சத்தம். கண்ணைத் திறந்தால் வண்டி தாரை விட்டு மண்ணில் ஓடிக்கொண்டிருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே நிலா வெளிச்சத்தில் உப்புக் குவியல் வெள்ளையாக மிக அருகில். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தூங்கியிருக்கிறார். நான் போட்ட கூச்சலில் பிரேக் போட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அரை மணி நேரம் இருவரும் பேசாமல் ரோட்டோரம் நின்றோம். இப்போதும் அந்த இடம் வந்தால் நான் பிள்ளைகளைத் திரும்பிப் பார்ப்பேன்.

நீங்கள் இரண்டு தடவை நன்றாக வந்துவிட்டீர்கள், சந்தோஷம். தனியாக டிரைவர் வைத்துப் போவது வேறு, அவரே ஓட்டுவது வேறு. 1,500 ரூபாய் ரூம் ஆடம்பரம் இல்லை.

நெல்லிக்குப்பம்:

நான் டிரைவர் வைத்துத்தான் போனேன். அதைச் சொல்லாமல் விட்டது தப்புதான்.

திருப்பாதிரிப்புலியூர்:

வண்டி இல்லாதவர்களுக்கு: நாங்கள் ரயிலில் செங்கல்பட்டு இறங்கி ஸ்டேஷன் பக்கமே தங்கினோம். 1,100 ரூபாய், சுத்தமான ரூம், குறை சொல்ல ஒன்றுமில்லை. போகும்போது பஸ்ஸும் சுலபம். திரும்பும்போதுதான் கஷ்டம். பஸ்ஸில் நிற்கத்தான் இடம். என் பையன் கம்பியைக் கட்டிப்பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கினான். அவன் கன்னத்தில் கம்பித் தடம் பதிந்திருந்தது. 25 கி.மீ.க்குக் குறையாது. காலையில் பார்த்தால் ஒன்றுமே இல்லாத தூரம்.

அதற்கு முன் திருப்போரூரிலேயே தேடினோம். முகூர்த்த நாள், கந்தசாமி கோயிலில் வரிசையாகக் கல்யாணம், ஒரு லாட்ஜிலும் இடமில்லை. கிருத்திகையும் அப்படித்தான். கிளம்பும் முன் காலண்டரைப் பாருங்கள்.

வில்லியனூர்:

எல்லாவற்றையும் படித்தேன். நான் ஒரே ஒரு தடவை பேரன்களோடு மகாபலிபுரத்தில் தங்கினேன், நன்றாகவே இருந்தது. வெந்நீர் மட்டும் ராத்திரி வரவில்லை, கீசர் காலை ஆறு முதல் ஒன்பது வரைதான் என்றார்கள். சின்ன பேரன் நடுங்கியபடி துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றான், கீழே ஓட்டலில் ஒரு சொம்பு வெந்நீர் வாங்கிவந்து முகம் கழுவிவிட்டேன்.

நம் ஊர்க்காரர்களுக்குச் சில விஷயம் சொல்லியாக வேண்டும். சனி ஞாயிறில் புதுச்சேரி ரூம் வாடகை எப்படி ஏறுகிறது என்று தினமும் பார்க்கிறோம். மகாபலிபுரமும் அதே மாதிரிதான், வருவதும் அதே சென்னைக் கூட்டம். பள்ளி லீவில் செவ்வாய், புதன் போங்கள். பார்க் டிக்கெட்டும் வார நாளில் குறைவு. திருப்போரூர் வழியாக வரும் ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) மகாபலிபுரம் பக்கம் பூஞ்சேரியில் ஈ.சி.ஆரைத் தொடுகிறது. அதனால் மகாபலிபுரத்தில் தங்கினால் திருப்போரூர் போகவும் சுலபம், மறுநாள் புதுச்சேரி திரும்பவும் அதுவே வழி. 15 கி.மீ. சுமார்தான்.

வாடகை பேசும்போது வரி சேர்த்தா என்று கேளுங்கள். நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள ரூமுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், அதற்கு முன் 12. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சின்ன லாட்ஜ் வரி என்று தனியாக வாங்கவே கூடாது. ஆதார் நகல் கேட்டால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுங்கள். இரண்டு ரூம் எடுத்தால் 'ஒரே மாடியில், பக்கத்துப் பக்கத்தில்' என்று எழுதி வாங்குங்கள், வாட்ஸ்அப் மெசேஜ் போதும். ஆறு பேர் என்றால் ஆறு பேர் என்றே சொல்லுங்கள். நான்கு என்று சொல்லி ராத்திரி எக்ஸ்ட்ரா பெட்டுக்குத் தகராறு செய்வது பிள்ளைகள் முன்னால் நன்றாக இருக்காது. ஒரு நைலான் கயிறும் பத்து கிளிப்பும் எடுத்துப் போங்கள். தண்ணீர் ரைடுக்குப் பருத்தித் துணி விடமாட்டார்கள், நைலான் உடை ஃபேனுக்கடியில் ராத்திரியே காய்ந்துவிடும். படத்தைப் பார்க்காதீர்கள், விமர்சனங்களில் குறைந்த நட்சத்திரம் போட்டவர்கள் எழுதியதை மட்டும் படியுங்கள். தண்ணீர், கழிவறை, படிக்கட்டு எல்லாம் அங்கேதான் இருக்கும்.

முத்தியால்பேட்டை:

சார், எழுதி வாங்குவதெல்லாம் சரி. எங்களுக்கும் 'எர்லி செக்-இன் உண்டு' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். காட்டினேன். "அனுப்பின பையன் இப்ப வேலைய விட்டுட்டான்" என்றார்கள். போய் நிற்கும்போது யார் கவுண்டரில் இருக்கிறார்களோ அவர்கள்தான் எல்லாம். முந்தின நாள் சாயந்திரம் ஒரு தடவை, பஸ் ஏறுமுன் ஒரு தடவை போன் செய்யுங்கள்.

மஞ்சக்குப்பம் அம்மா:

எல்லாருக்கும் நன்றி. வில்லியனூர் சார் சொன்னதைக் குறித்துக்கொண்டேன். அரியாங்குப்பம் தங்கச்சி எழுதியதை வீட்டுக்காரரிடம் காட்டினேன், அவர் ஒன்றும் பேசவில்லை, ஆனால் ஒரே நாளில் திரும்பலாம் என்ற பேச்சை விட்டுவிட்டார்.

இந்த லீவில் திருப்போரூர் போகலாம் என்று இருக்கிறோம். அத்தை வர மாட்டேன் என்றார், "நான் வந்தா உங்களுக்குத்தான் செரமம்" என்று. தரைத்தளத்தில் ரூம் எடுத்தால் வருவீர்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து "வெஸ்டர்ன் டாய்லெட்டான்னும் கேட்டுக்க" என்றார். நேற்று மகாபலிபுரத்தில் ஓர் இடத்துக்குப் பேசினேன். கீழே ஒரே ஒரு ரூம்தானாம், இரண்டும் இருக்கிறது, 1,800 கேட்கிறார்கள். புதன்கிழமைக்கு ஏற்கெனவே ஒருவர் சொல்லிவைத்திருக்கிறாராம், அவர் பணம் கட்டவில்லை என்றால் எனக்கு. நாளைக் காலை பத்து மணிக்குக் கூப்பிடச் சொன்னார்கள்.