1964இல் நிகழும் காதல் நகைச்சுவை நாடகத்துக்கு ஒரு சாதகக் குழப்பம்

கேள்வி – வெள்ளவத்தை நாடகன்
ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ வெளிவந்த 1964ஆம் ஆண்டின் கொழும்பில் நிகழ்வதாக ஒரு மேடை நாடகம் எழுதுகிறேன். அந்தப் படத்தில் முத்துராமன் கிழவர் வேடமிட்டு நண்பனின் கோடீசுவரத் தந்தையாக வருவதால் சிரிப்பு பிறக்கிறது. என் கதையில் அந்த வேடத்தின் வேலையைச் சாதகம் செய்ய வேண்டும். பெண்ணின் சாதகத்தில் 12ஆம் இடத்தில் செவ்வாய், அதனால் செவ்வாய்க் குற்றம் (செவ்வாய் தோஷம்) என்று சம்பந்தம் குழம்புகிறது. பிறகு பிறந்த நேரமே பிழை என்று தெரிந்து கலியாணம் கூடுகிறது. சோதிடம் அறிந்தவர் முன்வரிசையில் இருந்தாலும் இது நிற்குமா?

பதில் – பஞ்சாங்கப் பிரியர்
நிற்கும் தம்பி, ஆனால் நட்சத்திரத்தில் கை வைக்காதீர்கள். சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் செல்வதால், நட்சத்திரத்தை வைத்துப் பார்க்கும் பத்துப் பொருத்தம் சிறிய நேரப் பிழையால் இலேசில் மாறாது. இலக்கினமோ, அதாவது பிறக்கும் வேளையில் கிழக்கில் உதிக்கும் இராசியோ, சுமார் 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாறுகிறது. அதை 1 என்று வைத்தே இடங்களை எண்ணுவார்கள். துலா இலக்கினத்துக்குக் கன்னிச் செவ்வாய் 12இல் நிற்கும். இலக்கினம் கன்னியானால் அதே செவ்வாய் 1இல் வந்துவிடும். 2, 4, 7, 8, 12ஆம் இடங்களில் நின்றால்தான் செவ்வாய்க் குற்றம் என்று எண்ணும் வழக்கில் அதற்குக் குற்றமில்லை. சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணுவோர் உண்டு என்பதையும் கவனியுங்கள்.

பதில் – கொட்டாஞ்சேனை வாசகி
உங்களுக்கு வேண்டிய பிழை இலங்கை வரலாற்றிலேயே இருக்கிறது. உலகப் போரின்போது, 1942 ஜனவரியில் அரை மணித்தியாலமும் செப்டெம்பரில் இன்னோர் அரை மணித்தியாலமுமாக இங்கே கடிகாரங்கள் முன்னே நகர்த்தப்பட்டன. பழைய நேரம் 1945 ஒக்டோபரில்தான் திரும்பியது. கதாநாயகி 1942 ஒக்டோபர் 5ஆம் திகதி காலை 7.30க்குக் கொழும்பில் பிறந்தவளாக இருக்கட்டும். அதை அப்படியே எடுத்துக் கணித்தால் துலா இலக்கினம். ஒரு மணித்தியாலத்தைக் கழித்தால் 6.30, சூரியன் உதித்துச் சற்று நேரமே ஆகியிருக்கும், அவன் நின்ற கன்னியே இலக்கினம். அன்று செவ்வாயும் சுக்கிரனும் கன்னியில், சந்திரன் கடகத்தில். எங்கிருந்து எண்ணினாலும் குற்றம் வராது.

ஒரு வேண்டுகோள். பிழையைக் கலியாணத் தரகரோ காதலனோ கண்டுபிடிக்க வேண்டாம். தன் சாதகத்தைத் தானே எடுத்து வாசிக்கும் 21 வயதுப் பெண்ணாக அவளைக் காட்டுங்கள். போர்க்கால நேரத்தைப் பற்றி அம்மம்மா முதற்காட்சியிலேயே பேசிவிட வேண்டும், இல்லாவிட்டால் முடிவு வலிந்து ஒட்டியதாகத் தெரியும்.

வெள்ளவத்தை நாடகன்
மிக்க நன்றி அக்கா, ஐயா. தரகரின் கடைசி வசனங்களை அவளுக்கே கொடுத்து எழுதுகிறேன்.