தலையணையிலிருந்து பார்த்தால் தெரியும் குறைகள்: படுக்கையறை அமைப்பு பற்றிய அனுபவப் பகிர்வு

உள்வடிவமைப்பு செய்பவர்:

படுக்கையறையைப் பெரும்பாலும் பகல் நேரத்தில், வாசலில் நின்றபடிதான் திட்டமிடுகிறார்கள். அங்கிருந்து கண்ணில் படுவது கட்டிலின் தலைப்பலகை, அலமாரிக் கதவு, சுவரின் நிறம். படுத்திருப்பவருக்குத் தெரிவது வேறு: கூரை, ஜன்னலின் மேல்விளிம்பு, ஏசியில் மினுக்கும் எண்கள். அதனால் எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை. வழக்கமாகத் தூங்கும் நேரத்தில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, வழக்கமாகப் படுக்கும் பக்கத்திலேயே படுத்து, அரை மணி நேரம் கண்ணைத் திறந்து வைத்திருங்கள். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அவ்வளவு நேரம் பிடிக்கும். விளக்கை அணைத்த கையோடு தெரியாத ஒளிக்கசிவெல்லாம் இருபதாவது நிமிடத்தில் கோடு போட்டாற்போலத் தெரியும்.

மூன்று விஷயம் குறித்துக்கொண்டால் போதும். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, சத்தம் எங்கிருந்து வருகிறது, காற்று உடம்பில் எந்த இடத்தில் படுகிறது. சுவர் நிறத்தைப் பற்றி ஏராளமாகப் பேசுகிறார்கள். விளக்கணைத்த பிறகு எல்லா நிறமும் ஒன்றுதான். பளபளப்பில்லாத மேட் பெயின்ட் என்றால் சரி, மேலே போகலாம். அவரவர் தொழிலில் திரும்பத் திரும்பப் பார்க்கும் கோளாறுகளை இங்கே எழுதுங்கள்.

திரைச்சீலை தைப்பவர்:

“பிளாக்அவுட் துணிதான் போட்டோம், ஆனாலும் வெளிச்சம் வருது” என்பது அடிக்கடி வரும் புகார். போய்ப் பார்த்தால் ஒளி புகாத அந்தத் துணியில் குறை இருக்காது, ராடு மாட்டிய இடத்தில் இருக்கும். ஜன்னல் சட்டத்தின் அகலத்துக்கே ராடு மாட்டியிருப்பார்கள். சட்டத்துக்கு மேலே 15 செ.மீ., இரண்டு பக்கமும் 20 செ.மீ. தாண்டியிருக்க வேண்டும். துணியின் அகலம் ராடு நீளத்தைப் போல இரண்டு மடங்கு. நடுவில் இரண்டு துணியும் 8 முதல் 10 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்க வேண்டும்.

ரிங் வைத்த திரை பார்க்க அழகு, ஆனால் மேலே அலை அலையாக நிற்பதால் ஒவ்வொரு வளைவின் பின்னாலும் ஓர் இடைவெளி. அந்த வழியாக ஒளி கூரையில் அடித்துப் படுத்திருப்பவர் கண்ணுக்கு நேராக இறங்கும். இருட்டு முக்கியம் என்றால் கொக்கி மாட்டி ஓடும் தண்டவாளம், மேலே அதை மூடும் பெல்மெட் பெட்டி, இரு முனையிலும் சுவரை நோக்கி வளையும் ராடு.

பூச்சுப் போட்ட பிளாக்அவுட் துணியில் ஊசி இறங்கிய இடமெல்லாம் புள்ளி புள்ளியாக ஒளி விடும். ஆகவே நடுவில் தையல் வராத அகலத் துணியாகப் பாருங்கள். வெந்நீரில் துவைத்தால் பூச்சு வெடித்து உதிரும். முன்துணியோடு சேர்த்துத் தைக்காமல், பின்னால் தனி லைனிங்காகத் தொங்கவிட்டால் முன்துணியை மட்டும் கழற்றித் துவைக்கலாம். கடையில் துணியின் பின்பக்கம் ஃபோன் டார்ச்சை ஒட்டிப் பிடித்தால் அது எந்த ரகம் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

மின்வேலை செய்பவர்:

ஒளிக்கசிவு ஜன்னல் வழியாக மட்டும் வருவதில்லை. ஸ்விட்சை அணைத்த பிறகும் எல்இடி பல்பு மங்கலாக எரிவதையோ, சில நொடிக்கு ஒருமுறை பளிச்சிடுவதையோ நிறைய அறைகளில் பார்க்கலாம். பல்பு கெட்டுவிட்டது என்று மாற்றுவார்கள், புதுசும் அதையே செய்யும். காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

முதலாவது, ஸ்விட்சில் இருக்கும் சின்ன நியான் இண்டிகேட்டர். ஸ்விட்ச் அணைந்திருக்கும்போது அந்த நியான் வழியாகத் துளி மின்னோட்டம் பல்புக்குப் போய், உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டரை மெல்ல நிரப்புகிறது. நிரம்பியதும் ஒரு பளிச். இண்டிகேட்டர் இல்லாத ஸ்விட்சாக மாற்றினால் தீர்ந்தது. இரண்டாவது, வாசலிலும் கட்டிலருகிலும் வைக்கும் டூ-வே ஸ்விட்ச் ஒயர். நீளமாக அருகருகே ஓடும்போது ஒரு ஒயரின் மின்சாரம் பக்கத்து ஒயரில் கொஞ்சம் ஏறும்; பல்புக்கு இணையாக அதற்கென்றே கிடைக்கும் கெப்பாசிட்டர் ஒன்றைப் போட்டால் நின்றுவிடும். மூன்றாவதுதான் ஆபத்தானது: ஸ்விட்சில் ஃபேஸுக்கு (மின்சாரம் வரும் ஒயர்) பதிலாக நியூட்ரலை (திரும்பிப் போகும் ஒயர்) வெட்டி வைத்திருப்பார்கள். அப்படியானால் அணைத்த பிறகும் ஹோல்டரில் ஃபேஸ் இருக்கும், பல்பு மாற்றும்போது ஷாக் அடிக்கும். டெஸ்டரை வைத்துப் பார்த்து உடனே மாற்ற வேண்டிய விஷயம்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் போடுகிறவர்கள் இரண்டு பார்க்க வேண்டும். பல்பின் அட்டையில் ‘டிம்மபிள்’ என்று இருக்க வேண்டும். டிம்மரின் குறைந்தபட்ச லோடும் ஒத்துப்போக வேண்டும். பழைய டிம்மர்கள் 40 வாட்டாவது கேட்கும். 9 வாட் பல்பு ஒன்றை மாட்டினால் துடிக்கும். இன்னொன்று, எல்இடியைக் குறைத்தால் வெளிச்சம்தான் குறையும், நிறம் மஞ்சளாகாது. வெள்ளை விளக்கைக் குறைத்தால் மங்கலான வெள்ளைதான் கிடைக்கும். படுக்கையறைக்கு முதலிலேயே மஞ்சள் ஒளி தரும் 2700 கெல்வின் பல்பு வாங்குவது சுலபம்.

இடம்: கூரை நடுவில் ஒரே விளக்கு என்பது படுத்திருப்பவர் கண்ணில் நேராக அடிக்கும் ஏற்பாடு. சுவர் விளக்கு என்றால், மெத்தையில் சாய்ந்து உட்கார்ந்தால் ஷேடின் கீழ்விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும். பல்பு நேரடியாகத் தெரியக் கூடாது. கட்டிலருகு ஸ்விட்சைப் படுத்தபடியே எட்டும் உயரத்தில், தரையிலிருந்து 60 முதல் 75 செ.மீ.யில் வையுங்கள். இரவில் எழுந்து போக, முழங்காலுக்குக் கீழே அம்பர் (ஆரஞ்சு கலந்த மஞ்சள்) நிறத்தில் ஒரு சென்சார் விளக்கு. சென்சார் கட்டிலைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி இருக்கட்டும், இல்லாவிட்டால் புரண்டு படுத்தாலே எரியும்.

ஒளியமைப்புத் துறையிலிருந்து:

மேலே சொன்னதோடு நைட் லேம்ப் நிறத்தையும் சேர்க்க வேண்டும். நீல நிற ஜீரோ வாட் பல்பு குளிர்ச்சியாக இருக்கும் என்று மாட்டுகிறார்கள். பகலா இரவா என்று உடம்புக்குச் சொல்லும் விழித்திரைச் செல்கள் 480 நானோமீட்டரை ஒட்டிய நீலத்துக்குத்தான் அதிகம் விழிக்கும். ஏதாவது எரிந்தே ஆக வேண்டும் என்றால் சிவப்பு அல்லது அம்பர்.

2022-இல் இத்துறை ஆய்வாளர்கள் கூடி வெளியிட்ட பரிந்துரையில், கண் மட்டத்தில் பகலில் குறைந்தது 250, படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பிலிருந்து 10-க்குள், தூங்கும்போது 1-க்குள் என்று மெலனோபிக் லக்ஸ் கணக்கு இருக்கிறது. இது உடல் கடிகாரத்தைத் தொடும் ஒளியின் அளவு, சாதாரண லக்ஸ் மீட்டர் காட்டும் எண் அல்ல. 2700 கெல்வின் விளக்கில் மீட்டர் காட்டுவதில் ஏறக்குறைய பாதிதான் இந்தக் கணக்கில் சேரும். 6500 கெல்வின் வெள்ளையில் கிட்டத்தட்ட முழுவதும் சேரும். ஒரே பிரகாசமுள்ள இரண்டு பல்புகள் உடம்புக்கு ஒன்றல்ல.

திரைச்சீலைக்காரருடன் ஒரு சின்ன கருத்து வேறுபாடு. காலையிலும் அறை குகையாக இருந்தால் உடல் கடிகாரம் பின்னால் நகர்ந்து, அடுத்த இரவு தூக்கம் தள்ளிப்போகும். இரண்டு தண்டவாளம் போட்டு, உள்ளே மெல்லிய வெள்ளைத் துணி, வெளியே கனத்த துணி என்று வையுங்கள். எழுந்ததும் கனத்ததைத் தள்ளினால் போதும். இரவு வேலை முடிந்து பகலில் தூங்குகிறவர்களுக்கு மட்டும் அவர் சொன்ன பெல்மெட் ஏற்பாடு அப்படியே வேண்டும்.

ஏசி, ஃபேன் வேலை செய்பவர்:

தூக்கம் வரும்போது உடம்பின் உள்வெப்பம் சுமார் ஒரு டிகிரி இறங்கும். கை, கால் தோல் வழியாக அந்தச் சூடு வெளியேற வேண்டும். ஆகவே ஏசியில் என்ன எண் வைக்கலாம் என்ற கேள்விக்கு முன்னால், தலையணை மட்டத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். ஏசியின் சென்சார் கூரைக்கு அருகே இருக்கிறது. அது அளப்பது அங்குள்ள காற்றை. வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்னக் கருவியைத் தலையணை பக்கத்தில் வைத்தால் இரண்டு டிகிரி வித்தியாசம் சாதாரணமாகத் தெரியும்.

ஈரப்பதம் 40-க்கும் 60 சதவீதத்துக்கும் நடுவில் இருப்பது நல்லது. அறைக்குத் தேவையைவிடப் பெரிய ஏசி போட்டால், சட்டென்று குளிர வைத்து கம்ப்ரஸர் நின்றுவிடும். ஈரத்தை இழுக்க அதற்கு நேரமே இருக்காது. ‘குளிருது, ஆனா பிசுபிசுன்னு இருக்கு’ என்பது இதுதான். எண்ணை இன்னும் குறைப்பதால் சரியாகாது. ஈரத்தை இழுக்கும் ட்ரை மோடில் ஓட விட்டுப் பாருங்கள்.

ஃபேனையும் சேர்த்து ஓட்டினால் ஏசியை இரண்டு மூன்று டிகிரி மேலே வைக்கலாம், உடம்புக்கு அதே குளிர்ச்சி. ஃபேன் இறக்கை கூரையிலிருந்து 30 செ.மீ. கீழே இருக்க வேண்டும்; ஒட்டி மாட்டினால் மேலிருந்து காற்றை இழுக்க இடமில்லாமல் சத்தம்தான் மிஞ்சும். குறைந்த வேகத்தில் ‘ம்ம்ம்’ என்று ரீங்காரமா? எலக்ட்ரானிக் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, படி படியாகத் திருப்பும் கெப்பாசிட்டர் ரெகுலேட்டர் போடுங்கள். ரிமோட்டில் வேகம் மாற்றும் பிஎல்டிசி ஃபேனுக்கு ரெகுலேட்டரே கூடாது. ஃபேன் ஆடினால் முதலில் இறக்கைத் தூசியைத் துடைத்து, திருகுகளை இறுக்கி, பிறகு ஒவ்வொரு இறக்கை நுனிக்கும் கூரைக்கும் உள்ள தூரத்தை ஒரே இடத்தில் வைத்து அளங்கள். அரை சென்டிமீட்டர் மாறினால் அந்த இறக்கையின் பட்டை வளைந்திருக்கிறது. ஒரு இறக்கையை மட்டும் மாற்றாதீர்கள். எடை பொருத்தி செட்டாகத்தான் விற்கிறார்கள்.

ஏசியின் இன்டோர் யூனிட் தலைக்கு மேலும் வேண்டாம், முகத்துக்கு நேராகவும் வேண்டாம். பக்கச் சுவரில், காற்று கால்பக்கமாகக் குறுக்கே போகும்படி. காற்றைத் திருப்பும் தகட்டை மேல்நோக்கி வைத்தால் குளிர்காற்று தானாக இறங்கும்.

கட்டடப் பொறியாளர்:

மேல்மாடி அறையில் ஒன்பது மணிக்கு மேல்தான் புழுக்கம் ஏறுகிறது என்றால் அதற்குக் காரணம் கூரை. கான்கிரீட் தளம் பகல் முழுக்கக் குடித்த வெயிலைப் பல மணி நேரம் தாமதமாக உள்ளே விடுகிறது. கையைத் தூக்கி, கூரையைத் தொடாமல் உள்ளங்கையைக் காட்டினாலே சூடு உறைக்கும். அந்த நேரத்தில் ஃபேன் கூரையடிச் சூட்டைத்தான் கீழே தள்ளும். மொட்டைமாடியில் வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு முதல் வேலை. ஃபால்ஸ் சீலிங் அதற்கு அடுத்தது. மேற்குச் சுவரில் கட்டிலை ஒட்டாதீர்கள். அலமாரியை அங்கே தள்ளி, பின்னால் 5 செ.மீ. இடைவெளி விட்டால் அதுவே ஒரு தடுப்பு.

ஒலித்தடுப்பு வேலை செய்பவர்:

முட்டை அட்டை மாதிரி இருக்கும் ஃபோம் பலகையைச் சுவரில் ஒட்டினால் தெருச் சத்தம் நிற்காது. அது அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், அவ்வளவுதான். சத்தத்தைத் தடுப்பவை கனமும் காற்றுப் புகாமையும். இரவில் ஒருவர் வெளியே நின்று ஜன்னல், கதவு விளிம்பெல்லாம் டார்ச் அடிக்கட்டும், உள்ளே இருட்டில் நீங்கள் பாருங்கள். ஒளி வருகிற இடமெல்லாம் ஒலியும் வரும். நகரும் ஜன்னலின் பிரஷ் பட்டை தேய்ந்திருக்கும், மாற்றலாம். கீல் வைத்து ரப்பரில் அழுந்தி மூடும் ஜன்னல் அதைவிட நன்றாக அடைக்கும். அதுவும் போதாவிட்டால் உள்பக்கம் இன்னொரு ஜன்னல், இரண்டுக்கும் நடுவே 10 செ.மீ. இடைவெளி.

உலக சுகாதார நிறுவனம் 1999-இல் படுக்கையறைக்குள் சொன்ன அளவு 30 டெசிபல், தனிச் சத்தங்கள் 45-ஐத் தாண்டக் கூடாது. ஒரே சீராக ஓடும் ஃபேனை மூளை ஒதுக்கிவிடும். திடீர் ஹார்ன்தான் எழுப்பும். சுவருக்குள் ‘கொர்ர்’ என்று கேட்டால் மோட்டார் தண்ணீர்க் குழாயின் கிளாம்ப் சுவரை உலுக்குகிறது. ரப்பர் வைத்த கிளாம்பாக மாற்றுங்கள். கட்டிலின் தலைப்பக்கம் குளியலறைச் சுவராக இருந்தால், கட்டிலை வேறு சுவர்ப் பக்கம் நகர்த்துவதுதான் மலிவு.

உள்வடிவமைப்பு செய்பவர்:

இங்கே ஓர் எச்சரிக்கை. எல்லா இடுக்கையும் அடைத்து ஸ்பிளிட் ஏசி போட்ட அறைக்குள் வெளிக்காற்றே வராது. அந்த ஏசி உள்ளிருக்கும் காற்றைத்தான் சுற்றுகிறது. வெளியே கார்பன் டை ஆக்ஸைடு 420 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற அளவு) சுற்றி இருக்கும். மூடிய சிறு அறையில் இருவர் தூங்கினால் விடியும்போது 2000-ஐத் தாண்டுவது சகஜம். காலையில் தலை கனப்பதற்கு இதையும் சந்தேகப்படுங்கள். தெரு ஜன்னலை அடையுங்கள், ஆனால் அறைக்கதவின் அடியில் 2 செ.மீ. விட்டு, சத்தமில்லாத பக்கத்து அறை ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

மெத்தை வேலை செய்பவர்:

மெத்தை குழிந்துவிட்டது என்று வருபவர்களிடம் முதலில் கேட்பது: கட்டில் பலகை எப்படி? நேரான கம்பு ஒன்றை மெத்தையின் குறுக்கே வைத்துப் பாருங்கள். நடுவில் 3, 4 செ.மீ. இடைவெளி தெரிந்தால், மெத்தையை எடுத்துவிட்டுப் பலகை மேலேயும் அதே கம்பை வையுங்கள். பாதி நேரம் வளைந்திருப்பது பலகைதான். புது மெத்தை போட்டாலும் அதுவும் குழியும். ஃபோம், லேடெக்ஸ் மெத்தைக்குக் கட்டில் சட்டங்களின் இடைவெளி 7 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். முழுப் பிளைவுட் என்றால் 3 செ.மீ. துளைகள் போட்டுக்கொள்ளுங்கள். தரையில் நேராகப் போட்ட மெத்தையின் அடியில் வியர்வை ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். தினம் காலையில் நிமிர்த்திச் சாய்க்க வேண்டும்.

தலையணை உயரம்: ஒருக்களித்துப் படுப்பவருக்குக் கழுத்திலிருந்து தோள் முனை வரை உள்ள தூரம், பெரும்பாலும் 10 முதல் 14 செ.மீ. மல்லாந்து படுப்பவருக்கு அதைவிடக் குறைவு. மெத்தை மெத்தென்று இருந்தால் தோள் உள்ளே இறங்கும், தலையணையும் தணிய வேண்டும். மெத்தையை மட்டும் மாற்றிவிட்டுக் கழுத்து வலிக்கிறது என்பவர்களுக்கு இதுதான் விஷயம். ஒருவர் புரண்டால் மற்றவர் விழித்துக்கொள்கிறார் என்றால், ஒரே கட்டிலில் இரண்டு ஒற்றை மெத்தைகள். மேலே ஒரே விரிப்பைப் போட்டால் பிரிவு தெரியாது. பிவிசி உறை வேண்டாம், வேர்க்கும்.

மின்வேலை செய்பவர்:

ஒன்று விட்டுப்போனது. ஏசியின் எண்கள், சார்ஜர், வைஃபை பெட்டி, ஸ்டெபிலைசர் என்று ஓர் அறையில் ஐந்தாறு புள்ளி விளக்குகள் எரியும். ஏசிக்குப் பல ரிமோட்டுகளில் ‘லைட்’ அல்லது ‘டிஸ்ப்ளே’ பட்டன் இருக்கும், அழுத்தினால் எண் அணைந்துவிடும். மற்றதற்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப். காகிதத்தில் துளை போடும் பஞ்சில் டேப்பை மட்டும் வைத்தால் ஒட்டிக்கொண்டு மடங்கும். மெழுகுத்தாளில் ஒட்டிப் பஞ்ச் பண்ணினால் வட்டமாக வரும், உரித்து விளக்கின் மேல் ஒட்டலாம். காற்றோட்டத் துளையை மட்டும் மூடிவிடாதீர்கள். ரிமோட் சிக்னல் வாங்கும் கண்ணும் பக்கத்திலேயே இருக்கும், அதைப் பார்த்து ஒட்டுங்கள்.