பெரியப்பா செய்து தந்த இடதுகை யுகுலேலே: வார்னிஷ் அடிக்கலாமோ?

புதுக்குடியிருப்பு ரீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். நான் முன்பள்ளியில படிப்பிக்கிறன். பிள்ளையளோட பாயில இருந்து பாடுறதுக்குக் கிற்றார் பெரிசு, அதால சின்னக் கிற்றார் மாதிரி நாலு நரம்போட இருக்கிற யுகுலேலே ஒண்டு வாங்க நினைச்சன். ஆனா நான் இடதுகைக்காரி. கடையில கிடைக்கிறதெல்லாம் வலதுகைக்குச் செய்தது. நரம்பை மாத்திப் பூட்டினாலும், தலைப்பக்கக் கட்டையில வெட்டின காடி மாறாதே. தடிச்ச நரம்பு இறங்காது, மெல்லிசு நிண்டு ஆடும்.

பெரியப்பாவிட்ட இதைச் சொன்னன். அவர் ஓடாவியார், ஊரில பாதி வீட்டுக் கதவு யன்னல் அவற்ற வேலைதான். "அளவைக் கொண்டா பாப்பம்" எண்டார். யுகுலேலேயில கொன்சேட் எண்டு சொல்லுற அளவு, நரம்பு நீளம் 381 மில்லிமீற்றர், வரைபடம் எடுத்துக் குடுத்தன்.

மரம் எங்கட வளவில விழுந்த பலா. எங்கட பக்கத்து மரங்களுக்குள்ள சண்டைக்காலத்துச் செல் துண்டு இருக்கும் எண்டு மில்காரர் வாளுக்குப் பயந்து கை வைக்க மாட்டினம். பெரியப்பா கைவாளாலயே அறுத்தார். ஒரே பலகையைத் தட்டையாப் பிளந்து, புத்தகம் விரிச்ச மாதிரி ரெண்டு பாதியையும் பக்கத்தில வைச்சு ஒட்டினபடியால் முகப்பில ரேகை ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓடுது. ஒட்ட முதல் ரெண்டு விளிம்பையும் சேத்து யன்னல் வெளிச்சத்துக்கு நேர பிடிச்சுப் பாப்பார். ஒரு நூல் வெளிச்சம் தெரிஞ்சாலும் திரும்பச் சீவுளி. முகப்புப் பலகை இப்ப 2 மில்லிமீற்றர்தான்.

விரல் பலகை முதிரை. மெட்டுக் கம்பி இறக்கிறதுக்கு, முழு நீளத்தை 17.817 ஆல பிரிச்சா முதல் மெட்டு (21.4 மில்லிமீற்றர்), மிச்ச நீளத்தைத் திரும்பப் பிரிச்சா அடுத்தது. கணக்கு நான் போட்டுக் குடுத்தன். அவர் பென்சிலைத் தொடேல்லை, கத்தி நுனியாலதான் கீறினவர். "பென்சில் கோட்டுக்கே ஒரு தடிப்பு இருக்குப் பிள்ளை" எண்டார். 12ஆவது மெட்டில அமத்தி மீட்டினா மேல் ஸ்தாயி சுத்தமா விழுது. மெட்டு முனையெல்லாம் அராவிக் கிடக்கு, கையை மேலயும் கீழயும் இழுத்தாலும் கீறாது. 5, 7, 10, 12க்கு நேர, நான் குனிஞ்சு பாக்கிற பக்கத்தில, மன்னார்ச் சங்குத் துண்டில பொட்டு வைச்சிருக்கிறார். வலதுகைக்காரருக்கு அது மற்றப் பக்கத்தில இருக்கும்.

கேள்வி இதுதான். தம்பி கதவுக்கு அடிக்கிற வார்னிஷ் அடிச்சு மினுக்கச் சொல்லுறான். பெரியப்பாவுக்கு மனமில்லை. வேற என்ன பூசலாம்?

மல்லாவி மரக்காலை

தங்கச்சி, அந்த வார்னிஷ் வேண்டவே வேண்டாம். 2 மில்லிமீற்றர் பலகை அதிரோணும், அதிலதான் சத்தம். தடிச்ச பூச்சு ஏறினா பலகை பாரமாகி விறைச்சிடும். அரக்குச் செதிளை (ஷெல்லாக்) ஸ்பிரிட்டில கரைச்சு, பஞ்சைப் பருத்தித் துணியில பொட்டலமாக் கட்டி, மெல்லிசா மெல்லிசா ஏத்தச் சொல்லுங்கோ. பழைய அலுமாரியளுக்குச் செய்த அதே பொலிஷ்தான், பெரியப்பாவுக்குக் கைவந்த வேலையா இருக்கும். வேர்வையும் சூடும் பட்டா மங்கும், ஆனா அந்த இடத்தை மட்டும் திரும்பத் தேய்ச்சு எடுக்கலாம். முதிரைக்குப் பொலிஷ் தேவையில்லை, எண்ணெய் கொஞ்சம் துடைச்சு விட்டாக் காணும்.

பக்கப் பலகையை எப்பிடி வளைச்சவர்? பலா முறியுமே.

புதுக்குடியிருப்பு ரீச்சர்

நன்றி அண்ணா. முதல் ரெண்டு பலகை முறிஞ்சதுதான். பிறகு இன்னும் மெல்லிசாச் சீவி, தண்ணியில ஊற வைச்சு, இரும்புக் குழாய்க்குள்ள சிரட்டைக் கரி நெருப்புப் போட்டு, குழாய்க்கு மேல பலகையை வைச்சு உருட்டி உருட்டி அமத்தினார். பலம் போட்டு வளைக்கேல்லை. மரம் சூடேறித் தானா இளகிற நேரம் கைக்குத் தெரியுமாம், அதுவரைக்கும் பொறுத்து நிண்டார். இடுப்பு வளைவில ஒரு வெடிப்பும் இல்லை. உள்ளுக்க விளிம்போட ஓடுற சட்டத்தில சின்னச் சின்னதா வாள் வெட்டுப் போட்டிருக்கிறார், அதால அது வளைவோட ஒட்டிக் கிடக்கு.

கிளிநொச்சி, இப்ப ஸ்காபரோ

வாசிக்கவே சந்தோசமா இருக்கு ரீச்சர். இந்த வாத்தியம் துவங்கினதே மரவேலைக்காரரின்ர கையாலதான். 1879இல ரேவன்ஸ்கிராக் எண்ட கப்பலில மதேரா தீவில இருந்து ஹவாய்க்குப் போன போர்த்துக்கீசரில மூண்டு பேர், மனுவேல் நூனெஸ், அகுஸ்தோ டியாஸ், ஜோசே டு எஸ்பிரித்து சாந்து, தளபாடம் செய்யிறவை. தங்கட ஊர் மச்செத்தே எண்ட சின்ன நரம்பு வாத்தியத்தைப் பாத்து அங்கத்தைக் கோவா மரத்தில செய்யத் துவங்கினதுதான் யுகுலேலே ஆச்சு. உங்கட பெரியப்பா வளவுப் பலாவில செய்ததும் அதே வழிதான்.

ஒரு விசயம் கவனிக்கோணும். காத்தின்ர ஈரப்பதன் 40க்கும் 60 வீதத்துக்கும் இடையில இருந்தா முழுமர வாத்தியத்துக்கு நல்லது. சோளகம் அடிக்கிற மாதங்களில காயும், மாரியில ஊதும். சுவரில தொங்க விடாதேங்கோ, பெட்டிக்குள்ள வையுங்கோ. ஓட்டோவில வெயிலுக்க விட்டிட்டுப் போகவே கூடாது, பசை விடும்.

என்ர மகளும் இடதுகை. ஒண்டு செய்து தருவாரோ? கூலி அவர் சொல்லுறதுதான்.

புதுக்குடியிருப்பு ரீச்சர்

கேட்டிட்டன் அண்ணா, ஓம் எண்டிட்டார். மிஞ்சின பலாத் துண்டில அரக்குப் பொலிஷ் பூசிக் காய வைச்சிருக்கிறார், அதைப் பாத்த பிறகுதான் என்ரதில கை வைப்பாராம். மகளின்ர இடதுகையையும் வலதுகையையும் வெள்ளைத்தாளில வைச்சு, விரலைச் சுத்திக் கீறி அனுப்பட்டாம். கழுத்துத் தடிப்பை அதைப் பாத்துத்தான் சீவுவாராம்.