மலை இறக்கத்தில் பெடல் பஞ்சாகிவிட்டது: பிரேக் ஒயிலா, மாஸ்டர் பம்பா?

கடலோரம்27 (வெள்ளவத்தை)
வணக்கம். வாகனம் 2015 அல்டோ, மெனுவல் கியர், 71,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. போன ஞாயிறு குடும்பத்தோடு நுவரெலியாவிலிருந்து கம்பளை வழியாக இறங்கினோம். லபுக்கலைத் தேயிலைத் தோட்டம் வரை ஒன்றுமில்லை. ரம்பொடைக்குச் சற்று மேலே, ஒன்றன்பின் ஒன்றாக வளைவு வருகிற இடத்தில், கால் வைத்ததும் பிடிக்கிற பெடல் மெல்ல மெல்ல உள்ளே போகத் தொடங்கியது. ஒரு வளைவில் கிட்டத்தட்டத் தரையைத் தொட்டுவிட்டது. விட்டு விட்டு மிதித்ததில் கொஞ்சம் பிடித்தது. ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து ஒரு தேநீர்க் கடைக்கு முன்னால் நிறுத்தினேன். முன் சக்கரத்தில் கருகிய வாடை. அதற்குப் பிறகு கொழும்பு வரும்வரை அம்மா வாய் திறக்கவில்லை.

முக்கால் மணித்தியாலம் நின்றோம். சூடு ஆறியதும் பெடல் பழையபடி ஆகிவிட்டது! இப்போது கொழும்புக் காலி வீதி நெரிசலில் ஒரு குறையும் இல்லை. பக்கத்துக் கராஜில் காட்டினேன். மூடியைத் திறந்துகூடப் பார்க்காமல், "மாஸ்டர் பம்ப் போய்விட்டது, கூலியோடு முப்பதாயிரம்" என்றார்கள். பெடலை மிதித்தால் பிரேக் ஒயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பம்பாம் அது. பிரேக் ஒயில் மட்டம் சரியாக இருக்கிறது, நிறம்தான் கறுப்பு. 2019இல் வாங்கியதிலிருந்து மாற்றியதில்லை. சேர்விஸ் ஸ்டேஷனில் குறைந்தால் ஊற்றிவிடுவார்கள். முப்பதாயிரத்தைக் கொடுப்பதா?

தெஹிவளைப் பொடியன்
ஒயிலைத்தான் மாற்ற வேணும் அண்ணா. டொட் 5 தர ஒயில் போடுங்கள். நம்பர் கூடினால் கொதிநிலையும் கூடும்.

பழைய பாஸ்
தம்பி கடலோரம், முப்பதாயிரத்தைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்திரும். முதலில் மூன்று கேள்வி. இறங்கும்போது எந்த கியர்? நாலு சக்கரத்தின் உட்பக்கத்திலும் ஈரக்கசிவு உண்டா? எஞ்சினை ஓடவிட்டு, பெடலை நிதானமாக அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே பிடித்துப் பாரும். மெதுவாகக் கீழே இறங்குகிறதா, நின்ற இடத்திலேயே நிற்கிறதா?

பொடியன், டொட் 5 வேண்டாம் ராசா. அது சிலிக்கோன். மற்றவை கிளைக்கோல் வகை, இரண்டும் கலக்கக்கூடாது. டொட் 5.1 என்பது வேறு சாமான், அது கிளைக்கோல்தான். பெயரை வைத்தவனை உதைக்க வேணும்.

கடலோரம்27
ஐயா, கசிவு இல்லை. பெடல் ஒரு நிமிடமும் அசையாமல் நின்றது. கியர்… உண்மையைச் சொன்னால் பல இடங்களில் நியூட்ரல். 2022 தட்டுப்பாட்டில் கியூஆர் கோட்டாவில் அளந்து தந்த பெற்றோலை மிச்சம் பிடித்துப் பழகியது, இன்னும் விடவில்லை.

பழைய பாஸ்
நினைத்தேன்.

நியூட்ரலில் விட்டால் எஞ்சின் வாகனத்தைப் பிடித்து வைக்காது. ஆறாயிரம் அடியிலிருந்து இறங்குகிற வாகனத்தின் முழுப் பாரமும் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கிலும் அதை இறுக்கிப் பிடிக்கும் பிரேக் பாட்களிலும்தான். மிச்சமும் இல்லை: உம்முடைய அல்டோ இன்ஜெக்‌ஷன் எஞ்சின். கியரில் வைத்து அக்சிலேட்டரை விட்டால் பெற்றோல் தெளிப்பதையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் ஐடிலில் ஓடுவதற்காகக் குடிக்கும். ஏறுவதற்குப் போட்ட கியரிலேயே இறங்க வேணும் என்று எங்கள் காலத்து லொறிக்காரர் சொல்வார்கள். இரண்டு அல்லது மூன்று.

இனி ஒயிலுக்கு வருவோம். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ரப்பர் ஹோஸ் வழியாக, மூடி வழியாக, வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக. புது டொட் 3 குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. அதில் 3.7 வீதம் தண்ணீர் சேர்ந்தால் 140 பாகையே தாங்கினால் போதும் என்பதுதான் தரவிதி. டொட் 4க்கு அதே கணக்கு 230, 155. உம்முடைய ஒயிலுக்கு எத்தனை வயது என்று யாருக்கும் தெரியாது. பாட் கருகும் சூட்டில், பாட்களை அழுத்தும் கலிப்பருக்குள் ஒயில் கொதித்து ஆவியாகியிருக்கும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். அதுதான் பஞ்சு. ஆறியதும் ஆவி திரவமாகிவிடும், பெடல் திரும்பி வரும். பம்பின் ரப்பர் சீல் போயிருந்தால் ரம்பொடையில் மட்டுமல்ல, காலி வீதியிலும் பெடல் இறங்கும்.

பம்பலப்பிட்டி அக்கா
பாஸ் ஐயா சொல்வது சரி. மட்டம் குறைந்தபோதெல்லாம் ஊற்றினார்கள் என்று கடலோரம் எழுதியதையும் கவனியுங்கள். கசிவே இல்லாமல் ஏன் குறைய வேண்டும்? பாட் தேயத் தேய, அதைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை ஒயில் நிரப்பும், மேலே மட்டம் இறங்கும். அது பாட்டைப் பார் என்ற அறிவிப்பு. ஊற்றி நிரப்பினால் அறிவிப்பை அழித்துவிட்டோம் என்று அர்த்தம். எனக்கு அப்படித்தான் நடந்தது. புது பாட் போட்டபோது பிஸ்டனை உள்ளே தள்ள, ஒயில் நிரம்பி வழிந்து பிரேக் ஒயில் டாங்கிக்குக் கீழே பெயிண்ட் உரிந்துவிட்டது. சிந்தினால் துடைக்காதீர்கள், உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். தண்ணீருக்கு நிறமில்லையே. தெளிவாகத் தெரிகிற ஒயிலிலும் ஈரம் இருக்கலாம்.

கடலோரம்27
நன்றி அக்கா. ஆனால் வருடத்துக்கு ஆறாயிரம் கிலோமீற்றர்கூட ஓடுவதில்லை, வெள்ளவத்தை – கோட்டை மட்டும்தான். அதற்குமா?

பழைய பாஸ்
பிரேக் ஒயிலுக்குக் கிலோமீற்றர் கணக்கில்லை தம்பி, நாட்கணக்கு. கடற்கரையில் நிறுத்தி வைத்த வாகனமும் ஈரம் குடிக்கும். பெரும்பாலும் இரண்டு வருடம் என்பார்கள், உம்முடைய கையேட்டைப் பாரும். சேர்விஸ் ஸ்டேஷன் ஒட்டிவிடும் துண்டில் எஞ்சின் ஒயில் மட்டும்தான் இருக்கும். கூலண்டும் பிரேக்கும் யாருக்கும் ஞாபகம் வராது. 2020இலிருந்து 2025 பெப்ரவரி வரை கார் இறக்குமதி இல்லாமல் போனதில், ஊர் முழுக்கப் பழைய வாகனத்தைத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறோம். கவனிக்காவிட்டால் எப்படி?

பிரேக் ஒயில் டாங்கி மூடியில் டொட் 3 என்றிருந்தால் டொட் 3 அல்லது 4 போடலாம். திறக்காத போத்தல் வேண்டும். பாதியில் மூடி வைத்த மிச்சம் வேண்டாம். பவர் ஸ்டியரிங் ஒயிலோ எஞ்சின் ஒயிலோ ஒரு சொட்டுகூடப் போகக்கூடாது. ரப்பர் எல்லாம் ஊதிவிடும், பிறகு முப்பதாயிரம் போதாது.

நீரே செய்வதென்றால்: டாங்கியிலுள்ள பழையதை ஊசியால் உறிஞ்சி எடுத்து, புதியதை ஊற்றும். பெரும்பாலும் பம்புக்குத் தூரமான பின் இடது சக்கரத்தில் தொடங்குவோம். சில மாடல்களுக்கு வேறு வரிசை. சக்கரத்தில் ஒயிலை வெளியே விடும் நிப்பிளில் தெளிந்த குழாய் மாட்டி மறுமுனையைப் போத்தலுக்குள் விடும். ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூட, மூடிய பிறகுதான் காலை எடுக்க வேணும். டாங்கி ஒருபோதும் வற்றக்கூடாது. பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை வையும். பழைய பம்பில் பிஸ்டன் வழக்கமாகப் போகாத தூரத்தில் துரு இருக்கும். பெடலை அடிவரை மிதித்தால் அது சீலைக் கிழிக்கும். அப்படித்தான் நல்ல பம்பும் கெடும்.

மட்டக்குளிச் சாரதி
என்னிடம் டொயோட்டா அக்குவா ஹைபிரிட் கார். இதே முறையா?

பழைய பாஸ்
வேண்டாம். அதில் மின்பம்ப் அழுத்தம் தருகிறது, ஸ்கானர் இல்லாமல் கை வைக்கக்கூடாது. தெரிந்த இடத்துக்குக் கொண்டு போம்.

கடலோரம்27
சனிக்கிழமை காலை, மச்சானும் நானும் அடுக்குமாடிப் பார்க்கிங்கில். டாங்கியிலிருந்து எடுத்தது பிளேன்டி நிறம். ஆனால் பின் இடது நிப்பிள் துருப்பிடித்து அசையவில்லை. இன்னும் பலம் கொடுத்தால் முறிந்துவிடும் என்று மச்சான் ஸ்பானரைப் பிடுங்கிக்கொண்டார். மேலேயிருந்து எட்டிப் பார்த்த செயலாளர், "இதெல்லாம் இங்கே செய்யக்கூடாது" என்றார், அதோடு சரி.

பிறகு வேறொரு கராஜ். அவர் துரு இளக்கும் ஸ்பிரே அடித்துக் காத்திருந்து, சுத்தியலால் மெல்லத் தட்டித் திறந்தார். முதலில் குழாயில் கறுப்புத் துகள்களோடு வந்தது. சற்று நேரத்தில் தேன் நிறம், அப்புறம் ஊற்றியதே வந்தது. முன் பாட் இரண்டும் பளபளவென்று கண்ணாடி போல இருந்தன, ஒரு பக்கம் மூன்று மில்லிமீற்றர்தான் மிச்சம். அவற்றையும் மாற்றினோம். பிஸ்டனைத் தள்ளும் முன் டாங்கியிலிருந்து கொஞ்சம் உறிஞ்சச் சொன்னேன், அக்காவின் பெயிண்ட் ஞாபகம் வந்தது. மொத்தச் செலவு முப்பதாயிரத்தின் பாதிக்கும் கீழே. மாஸ்டர் பம்ப் அதே பம்ப்.

பெடல் இப்போது கல்லுப்போல. தேதியை டாங்கிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அடுத்த மாதம் ஹட்டனில் ஒரு கல்யாணம் இருக்கிறது. அம்மா பஸ்ஸில் வருகிறாராம்.